கல்கத்தாவுக்கு வந்த ரெண்டு நத்தை

(பண்ணை ஒலிபரப்பு உரை)



ராத்திரி நல்ல மழை. காலையில் எழுந்து கொல்லைப் பக்கம் போகிறீர்கள். நேற்று சாயங்காலம் தளதளவென்று நின்ற கீரைப் பாத்தியில் இன்றைக்குத் தண்டு மட்டும் நிற்கிறது. அவரைக் கொடியில் குருத்தைக் காணோம். வாழைக் கன்றின் இலை கந்தல் துணியாய்த் தொங்குகிறது. ஆடு கீடு புகுந்துவிட்டதா என்று பார்த்தால் வேலி வைத்தது வைத்தபடி இருக்கிறது. குனிந்து பார்த்தால் தரையிலும் சுவரிலும் வெள்ளிக் கம்பி இழுத்தாற்போலப் பளபளவென்று ஒரு கோடு. போன பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பைக்கூட அங்கங்கே சுரண்டித் தின்றிருக்கிறது. வந்தது யார் என்று அப்போது தெரிந்துவிடும்.

நத்தைதான். ஓடு இல்லாத வழவழப்பான நத்தையும் உண்டு, சங்கு மாதிரி ஓடு உள்ள நத்தையும் உண்டு. இரண்டும் தோட்டத்தைத் தின்னும். ஆனால் இன்றைக்கு நான் பேசப் போவது பெரிய ஓட்டு நத்தையைப் பற்றி. ஆப்பிரிக்க ராட்சத நத்தை என்று இதற்குப் பெயர். சிலது ஒரு சாண் நீளம்கூட வளரும்.

"இதுக்கு என்னங்க மருந்து அடிக்கலாம்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். மருந்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால் இது நம் கொல்லைக்கு வந்த கதையைக் கேளுங்கள். ஏறக்குறைய இருநூறு வருஷத்துக் கதை. பல தேசத்துக்காரர்கள் இதனோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். சிலர் ஜெயித்தார்கள், பலர் தோற்றார்கள். ஜெயித்தவர்கள் எதனால் ஜெயித்தார்கள் என்று தெரிந்துகொண்டால் நமக்குச் செலவு மிச்சம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் நெல் வயலிலும் குளத்திலும் ஒரு நத்தை உண்டே, ஏழைபாழைகள் பொறுக்கி வந்து வேக வைத்துச் சாப்பிடுவார்களே, அது வேறு ஜாதி. அதற்கு ஓட்டின் வாயில் ஒரு மூடி இருக்கும். தொட்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். இந்த ராட்சத நத்தைக்கு அந்த மூடி கிடையாது. வெயில் காலத்தில் மட்டும் வாயில் வெள்ளைக் காகிதம் ஒட்டினாற்போல ஒரு மெல்லிய திரை போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கும். வயல் நத்தை நம் மண்ணிலேயே பிறந்தது. இது கப்பலேறி வந்தது.

இதன் பிறந்த ஊர் கிழக்கு ஆப்பிரிக்கா. அங்கேயிருந்து மடகாஸ்கர் தீவுக்கும், 1800-ஆம் வருஷ வாக்கில் மொரீசியஸ், ரியூனியன் தீவுகளுக்கும் வந்து சேர்ந்தது. எதற்காகக் கொண்டு வந்தார்கள் என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். ரியூனியன் தீவில் கவர்னருக்கு வேண்டிய ஒரு சீமாட்டிக்கு நெஞ்சு நோயாம். வைத்தியர் நத்தை சூப்பு குடிக்கச் சொன்னாராம். அதற்காக வரவழைத்த நத்தைகளைத் தோட்டத்தில் விட்டு வளர்த்தார்களாம். அந்த அம்மாளுக்கு நோய் குணமானதா என்று கதையில் இல்லை. நத்தை மட்டும் சௌக்கியமாகப் பெருகிவிட்டது.

அடுத்தது நம் தேசம். வில்லியம் ஹென்றி பென்சன் என்று ஒரு வெள்ளைக்காரர். 1803-ல் பிறந்து 1870-ல் காலமானவர். வங்காளத்தில் கும்பினி உத்தியோகம் பார்த்தார். ஆனால் அவர் மனசெல்லாம் சிப்பி, சங்கு, நத்தை மேலேதான். நம் நாட்டு நத்தை வகைகள் பலவற்றுக்கு முதன்முதலில் பெயர் வைத்து எழுதியவர் அவர். அந்த விஷயத்தில் நாம் அவருக்குக் கடன்பட்டவர்கள்தான். அவர் 1847-ல் மொரீசியஸிலிருந்து இந்த நத்தையில் உயிரோடு இரண்டை எடுத்து வந்தார். தாம் ஊரைவிட்டுப் புறப்படும்போது கல்கத்தாவில் ஒரு நண்பரிடம் அவற்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த நண்பர் சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் அவற்றை விட்டுவிட்டார். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அழகான பிராணி, தோட்டத்தில் இருக்கட்டுமே என்று நினைத்திருப்பார்.

ரெண்டே ரெண்டு நத்தை! ரெண்டு நத்தை என்ன செய்துவிடும் என்று உங்களுக்குத் தோன்றும். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

நத்தையில் ஆண் தனி, பெண் தனி என்று கிடையாது. ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாகவே இருக்கிறது. ஆகவே இரண்டு சேர்ந்தால் இரண்டும் முட்டை இடலாம். ஒரு தடவைக்கு நூறு முதல் முந்நூறு, நானூறு முட்டை வரையில் இடும். வருஷத்துக்குப் பல தடவை இடும். ஒரு முறை சேர்ந்துவிட்டால், அந்த வித்தைப் பல மாதம் உடம்பிலேயே சேமித்து வைத்துக்கொண்டு பிறகு தனியாகவே முட்டையிடவும் அதற்கு முடியும். ஆகவே ஒரே ஒரு நத்தை வந்தாலும் போதும். முட்டை ஊறின ஜவ்வரிசி மாதிரி, கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளையாக இருக்கும். ஈர மண்ணில் ரெண்டு மூணு அங்குல ஆழத்திலோ, சருகுக்கு அடியிலோ இருக்கும். ஒன்று ரெண்டு வாரத்தில் பொரிந்து, ஏறக்குறைய ஆறு மாதத்தில் குஞ்சும் முட்டையிடத் தயாராகிவிடும். ஐந்நூறுக்கு மேற்பட்ட செடி வகைகளைத் தின்னும் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். சுண்ணாம்பையும் விடாது. அதன் ஓடு சுண்ணாம்புச் சத்தால் ஆனது, வளரவளரச் சுண்ணாம்பு வேண்டும். அதனால்தான் நம் சுவரில் ஏறுகிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை இருந்தும் நத்தைக்குக் கால் இல்லை. ஒரு ராத்திரிக்குச் சில கெஜ தூரம் ஊரும், விடிந்ததும் தன் பழைய ஒளிவிடத்துக்கே திரும்பும். கடல் தாண்டியதும் மலை தாண்டியதும் தானாக அல்ல. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு மனுஷன் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான்.

1900 வாக்கில் இலங்கைக்குப் போய்விட்டது. அங்கே கவர்ன்மெண்ட் பூச்சியியல் நிபுணராக இருந்த எர்னஸ்ட் கிரீன் 1910, 1911-ஆம் வருஷங்களில் இது பரவுவதைப் பற்றி எழுதி எச்சரித்தார். இலங்கைக்காரர்கள் கவனித்த ஒரு நல்ல விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். மின்மினிப் பூச்சி இருக்கிறதே, அதன் புழு நத்தையின் ஓட்டுக்குள்ளே தலையை விட்டு, கடித்து, தின்றுவிடும். 1920-களில் அங்கே விவசாய இலாகாவைச் சேர்ந்தவர்கள் இதை உட்கார்ந்து பார்த்து எழுதி வைத்தார்கள். ராத்திரியில் பச்சை வெளிச்சம் காட்டுகிற அந்த மின்மினி நமக்குச் சம்பளம் இல்லாத காவல்காரன். அதே மாதிரி செம்போத்துப் பறவையும். செம்போத்து ராட்சத நத்தையைக் கொத்தி எடுத்துத் தின்பதை நம் தென்னாட்டிலேயே பார்க்கலாம். கண்ட மருந்தையும் கொல்லையில் தெளித்தால் முதலில் சாவது இந்த மாதிரிக் காவல்காரர்கள்தான்.

இலங்கைக்குப் பிறகு மலேயா, சிங்கப்பூர். 1930-களின் தொடக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து ஜப்பானியர் தைவானுக்குக் கொண்டு போனார்கள். இறைச்சிக்கு ஆகும், பண்ணை வைத்தால் நல்ல லாபம் என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சு. நம் ஊரில் ஈமு கோழி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதே கதைதான். வியாபாரம் படுத்த இடங்களில் நத்தையை யார் கொல்வது, அப்படியே விட்டுவிட்டார்கள். ஜப்பானியர் ஆட்சியில் இருந்த பசிபிக் தீவுகளுக்கும் போயிற்று. 1936-ல் ஹவாய்த் தீவுகளுக்கும் வந்து சேர்ந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, தீவுகளிலிருந்து திரும்பிய வண்டிகளிலும் இயந்திரங்களிலும் ஒட்டிக்கொண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியா துறைமுகம் வரை போனது. அங்கே நல்ல வேளையாகப் பார்த்துத் தடுத்துவிட்டார்கள்.

சரி, இதை ஒழிக்க என்னவெல்லாம் செய்தார்கள்?

முதலில் மருந்து. மெட்டால்டிஹைடு என்று ஒரு மருந்து, பெயரைக் கேட்டிருப்பீர்கள். இது மருந்தாகப் பிறக்கவே இல்லை. ஸ்விட்சர்லாந்தில் சின்ன அடுப்பு எரிப்பதற்காக வெள்ளை வில்லைகளாகச் செய்து விற்ற எரிபொருள். பயணம் போகிறவர்கள் பற்ற வைத்துத் தேநீர் போடுவார்கள். 1930-களில் தோட்டத்தில் சிந்திக் கிடந்த வில்லையைச் சுற்றி நத்தைகள் செத்துக் கிடந்ததைச் சிலர் பார்த்தார்கள். இது என்னடா விசேஷம் என்று, வில்லையைப் பொடி செய்து தவிட்டில் பிசைந்து வைத்தார்கள். நத்தை தேடி வந்து தின்று செத்தது. பெரிய சோதனைச்சாலையில் கண்டுபிடித்தது அல்ல, கண்ணைத் திறந்து வைத்திருந்த தோட்டக்காரர்கள் கண்டது.

இந்த மருந்து நத்தையின் உடம்பிலுள்ள கொழகொழப்பையெல்லாம் கக்க வைத்து உலர்த்திவிடுகிறது. வறண்ட நாளாக இருந்தால் செத்துவிடும். அன்று ராத்திரியே மழை பெய்தால்? ஈரத்தை உறிஞ்சிப் பாதி நத்தை பிழைத்துக்கொள்ளும். நத்தை வருவதே மழைக்காலத்தில்தானே! இன்னொரு தொல்லையும் உண்டு. தவிட்டு வாசனைக்கு நாய் வரும், கோழி வரும், விவரம் தெரியாத குழந்தையும் எடுத்து வாயில் போடும். பல நாய்கள் இப்படிச் செத்திருக்கின்றன. இங்கிலாந்தில் எண்பது வருஷத்துக்கு மேல் இதைப் போட்டுவிட்டு, கடைசியில் 2022-லிருந்து திறந்த வெளியில் போடக்கூடாது என்று தடை செய்துவிட்டார்கள். நம் நாட்டில் 2.5 சத மருந்து உண்டு. வாங்கினால் டப்பாவில் போட்டிருக்கிறபடி மட்டும் போடுங்கள். கோழி, வாத்து, நாய் இருக்கிற வீட்டுக் கொல்லையில் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

மருந்து சரிப்படாது என்று கண்டவர்கள் இன்னொரு யோசனை செய்தார்கள். இதுதான் கதையிலேயே துக்கமான பகுதி. எலிக்குப் பூனை வளர்க்கிற மாதிரி, நத்தையைத் தின்னும் நத்தையைக் கொண்டு வந்து விட்டால் என்ன? அமெரிக்காவின் ஃபுளோரிடாப் பக்கத்தில் ரோஜா நிறத்தில் ஒரு வேட்டை நத்தை உண்டு. மற்ற நத்தை போகும் கொழகொழப்புத் தடத்தை மோப்பம் பிடித்துக்கொண்டே பின்தொடர்ந்து போய்த் தின்னும். கேட்கப் பிரமாதமாக இருந்தது. 1955-ல் ஹவாயில் விட்டார்கள். அதைப் பார்த்து மற்றத் தீவுக்காரர்களும் கேட்டு வாங்கினார்கள். தாஹிட்டித் தீவில் 1974-ல் விட்டார்கள். பக்கத்துத் தீவு மூரியா. அங்கே 1977-ல் விட்டார்கள்.

மூரியாவில் என்ன நடந்தது தெரியுமா? அந்தத் தீவின் காட்டு மரங்களில் பார்ட்டுலா என்கிற சின்னச் சின்ன மர நத்தைகள் ஏழு வகை இருந்தன. கட்டை விரல் நுனி அளவு இருக்கும். யாருடைய தோட்டத்துக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. தாஹிட்டிப் பக்கத்துப் பெண்கள் இந்த ஜாதி நத்தைகளின் ஓட்டைக் கோத்து மாலை கட்டுவார்கள். வேட்டை நத்தை ராட்சத நத்தையை விட்டுவிட்டு இந்தச் சின்ன நத்தையைத் தேடித் தின்ன ஆரம்பித்தது. ஏன் தின்னாது? சின்னதாக, மெத்தென்று, சுலபமாக அகப்படுகிறது. வருஷத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் காட்டுக்குள் முன்னேறியது. பத்தே வருஷத்தில், 1987 வாக்கில், மூரியாக் காட்டில் ஏழு வகையும் அற்றுப்போனதாகவே கருதினார்கள். லண்டன் முதலிய மிருகக்காட்சிச் சாலைகளில் கொஞ்சம் நத்தைகளை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்ததால் சில வகை பிழைத்தன. கண்ணாடித் தொட்டியில் முப்பது வருஷம் வளர்த்து, 2015-லிருந்துதான் மறுபடியும் தீவுகளின் காட்டில் கொண்டுபோய் விட்டு வருகிறார்கள். ஒரு அவசர யோசனையைத் திருத்த எத்தனை தலைமுறை உழைப்பு பாருங்கள்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. பல தீவுகளில் ராட்சத நத்தை கொஞ்ச காலம் பயங்கரமாகப் பெருகிவிட்டுப் பிறகு தானாகவே குறைந்திருக்கிறது. வேட்டை நத்தையை விடாத இடத்திலும் குறைந்திருக்கிறது. கூட்டம் அதிகமானதும் வியாதி விழுந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். ஆனால் வேட்டை நத்தையை விட்ட ஊரில், "பார்த்தாயா, நாம் விட்ட நத்தை வேலை செய்கிறது" என்று பேர் அதற்குப் போயிற்று. நம்மிடமும் இந்தப் பழக்கம் உண்டு. மருந்து அடித்த மறுவாரம் பூச்சி குறைந்தால் மருந்தால் குறைந்தது என்கிறோம். பருவம் மாறியதை நினைப்பதில்லை.

இனி ஜெயித்தவர்கள் கதைக்கு வருகிறேன்.

1966-ல் ஃபுளோரிடாவில் மயாமி நகரத்துப் பையன் ஒருவன் ஹவாய்க்குப் போய்த் திரும்பும்போது, ஆசையாக மூன்று நத்தையைக் கொண்டு வந்தான். வளர்க்க முடியவில்லை. அவன் பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டாள். மூன்று வருஷம் கழித்து, 1969-ல்தான் அதிகாரிகளுக்குத் தெரிந்தது. அதற்குள் தெருத்தெருவாகப் பரவியாயிற்று. வீடு வீடாகப் போனார்கள். ராத்திரியில் விளக்குப் பிடித்துப் பொறுக்கினார்கள். விஷத் தீனி வைத்தார்கள். விடாமல் எண்ணினார்கள். 1975 வரை பிடித்தது மொத்தம் 18,000-க்கு மேல். செலவு பத்து லட்சம் டாலர். பாட்டி விட்ட மூன்று நத்தைக்கு இந்தச் செலவு! ஆனால் ஒழித்தே விட்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் 1977-ல் குவீன்ஸ்லாந்தைச் சேர்ந்த கார்டன்வேல் என்ற ஊரில் நத்தை தென்பட்டது. அவர்கள் ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. ஊர் முழுக்கச் சொல்லி, ஆளுக்கு ஆள் தேடி, சுமார் முந்நூறு நத்தையோடு எட்டே மாதத்தில் கதையை முடித்துவிட்டார்கள். மூன்று வருஷம் விட்டதற்கும் உடனே இறங்கியதற்கும் எவ்வளவு வித்தியாசம், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஃபுளோரிடாவுக்கு 2011-ல் மறுபடியும் வந்துவிட்டது. இந்தத் தடவை மோப்ப நாய்க்குக்கூட நத்தை வாசனை பழக்கித் தேடினார்கள். ஏறக்குறைய 1,70,000 நத்தை பிடிபட்டது. பத்து வருஷம் ஆயிற்று. 2021 அக்டோபரில் ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். மறு வருஷமே, 2022-ல், அதே மாநிலத்தில் வேறொரு ஜில்லாவில் தலையைக் காட்டியது. மறுபடியும் பொறுக்கப் புறப்பட்டார்கள்.

ஜெயித்த ஊர்களில் மந்திர மருந்து ஏதும் இல்லை. விஷம் வைத்த இடத்திலும் கூடவே ஆள் போய்க் கையால் பொறுக்கியிருக்கிறான். ஒரு வீடு இல்லை, ஒரு வட்டாரமே சேர்ந்து செய்திருக்கிறது. நத்தையே அகப்படாத பிறகும் நிறுத்தாமல் தேடியிருக்கிறார்கள்.

நம் தேசத்தில் அந்த முதல் ரெண்டு நத்தையை 1847-ல் யாரும் தேடவில்லை. இன்று வங்காளம், பீகார், ஒரிசா, ஆந்திரம், கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு என்று பல இடங்களிலும் இருக்கிறது. கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு தொல்லை அதிகம் என்கிறார்கள். குடகில் காப்பித் தோட்டக்காரர்களும் பட்டிருக்கிறார்கள். தேசத்தைவிட்டே விரட்டுவது என்பது இனி நடக்கிற காரியமில்லை. உங்கள் தெருவைக் காப்பாற்றலாம். அது நடக்கிற காரியம். எப்படிச் சொல்கிறேன் என்றால், நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நர்சரியில் கறிவேப்பிலைக் கன்று ஆறு வாங்கினேன். எந்த நர்சரி என்பது வேண்டாம். பையைக் கிழித்து நடும்போது மண்ணில் வெள்ளையாக உருண்டை உருண்டையாக இருந்தது. குருணை உரம் போட்டுத் தருகிறார்கள் போல, நல்ல மனுஷர்கள் என்று நினைத்துக்கொண்டு நட்டுவிட்டேன். விவசாயம் பேசுகிற எனக்கே இந்த லட்சணம்! அடுத்த மழைக்காலத்துக்குள் கொல்லை பூராவும் நத்தை.

நான் ராத்திரி ராத்திரி டார்ச்சு விளக்கோடு பொறுக்க ஆரம்பித்தேன். குறையவே இல்லை. அப்புறம்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டு ஆத்தா ரொம்பத் தங்கமானவர். உயிரைக் கொல்ல மனசு வராது. "பாவம் தம்பி, வாயில்லாத ஜீவன்" என்று சொல்லி, தன் கொல்லையில் வருவதையெல்லாம் முறத்தில் வாரி, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த காலிமனையில் கொட்டிவிடுவார். அது ஒளிவிடம் தேடி ரெண்டு வீட்டுக்கும் திரும்பி வரும். அவரைக் கோபித்து என்ன செய்வது? கடைசியில் தெருவில் ஐந்து வீட்டுக்காரர்களும் உட்கார்ந்து பேசினோம். காலிமனையில் கிடந்த செங்கல், தென்னை மட்டை, பழைய சாக்கு எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினோம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன்களுக்குக் கையுறை கொடுத்தோம். முதல் வாரம் வாளி வாளியாக வந்தது. ஆத்தா நத்தையைக் கொல்ல மட்டும் சம்மதிக்கவில்லை, ஆனால் எண்ணிக் கணக்கு வைக்கிற வேலையை ஏற்றுக்கொண்டார். அந்த நோட்டு இன்னும் அவர் வீட்டு மாடத்தில் இருக்கிறது. இரண்டாவது மழைக்காலத்தில் ஒரு ராத்திரிக்கு ஒன்று ரெண்டு அகப்பட்டால் அதிகம்.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மழை தொடங்கிய முதல் வாரமே இறங்கிவிடுங்கள். தூங்கி எழுந்த நத்தை முட்டையிடுவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும். சாயங்காலம் ஒரு சாக்கை நனைத்து, அதற்கடியில் பப்பாளி இலை, கோசுத் தழை, காய்கறிக் கழிவு ஏதாவது வைத்து, கொல்லையில் நாலு இடத்தில் போட்டு வையுங்கள். ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு ஒரு தடவை, விடியற்காலையில் ஒரு தடவை சாக்கைப் புரட்டிப் பாருங்கள். பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக இருக்கும். ஓடில்லாத நத்தையும் இதே சாக்குக்கு அடியில் வந்து ஒட்டும்.

கையில் உறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு எடுங்கள். எடுத்ததை நன்றாக உப்புக் கரைத்த வாளித் தண்ணீரில் போடுங்கள். செடி மேலும் மண்ணிலும் உப்பைத் தூவுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. நத்தை சாகும், கூடவே மண்ணும் கெட்டுவிடும். காலால் மிதித்து நசுக்கவும் வேண்டாம். வயிற்றில் முட்டை இருந்தால் அது மண்ணில் சிந்தும். சருகைக் கிளறும்போது ஜவ்வரிசி மாதிரி முட்டைக் குவியல் தென்பட்டால் அதையும் அள்ளி உப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். ஒரு குவியலை எடுத்தால் இருநூறு நத்தையை எடுத்த மாதிரி.

ரொம்ப அதிகமாக இருக்கிற இடத்துக்கு, கேரளத்தில் பீச்சியிலுள்ள வன ஆராய்ச்சி நிலையத்தார் சொல்லும் முறை ஒன்று உண்டு. 25 கிராம் புகையிலையை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் போட்டு ஒரு லிட்டராகச் சுண்டக் கொதிக்க வைத்து வடிகட்ட வேண்டும். 60 கிராம் மயில்துத்தத்தை இன்னொரு லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் வாளியில் கரைக்க வேண்டும், இரும்புப் பாத்திரம் ஆகாது. இரண்டையும் கலந்து, சாக்குக்கடியில் கூடியிருக்கும் நத்தை மேல் தெளிக்கலாம். கீரை மேல் தெளித்துவிடாதீர்கள். இலை கருகும், சாப்பிடுகிறவருக்கும் ஆகாது.

வாத்து இருந்தால் சாயங்காலம் அவிழ்த்து விடுங்கள். சின்ன நத்தைகளைத் தின்று தீர்த்துவிடும். ஆனால் பெரிய நத்தையை வாத்து என்ன செய்யும்? அது உங்கள் வேலைதான்.

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம். எலியின் நுரையீரலில் ஒரு மெல்லிய புழு உண்டு. 1935-ல் சீனாவில் கான்டன் நகரத்து எலிகளில் இதைக் கண்டார்கள். எலிப் புழுக்கையைத் தின்னும் நத்தைக்குள் இது புகுந்துகொள்ளும். நத்தையைப் பச்சையாகத் தின்றாலோ, குட்டி நத்தை ஒட்டிய பச்சைக் காய்கறியைக் கழுவாமல் தின்றாலோ மனிதனுக்கு வந்து மூளைச் சவ்வில் வீக்கம் உண்டாக்கும். 1945-ல் தைவானிலிருந்துதான் மனிதருக்கு வந்த செய்தி முதலில் வெளியாயிற்று. கேரளத்தில் குழந்தைகளுக்கும் வந்திருக்கிறது. பொறுக்க முடியாத தலைவலி, வாந்தி, கழுத்துப் பிடிப்பு என்று வந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் நத்தைத் தொல்லை உண்டு என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பச்சையாகச் சாப்பிடும் வெள்ளரி, கொத்தமல்லி, கோசு இவற்றை இலை இலையாகப் பிரித்து ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். நன்றாக வெந்துவிட்டால் பயமில்லை. குழந்தைகள் நத்தையை வைத்து விளையாட விடாதீர்கள். கொழகொழப்புப் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

செத்த நத்தையைக் கிணற்றங்கரையிலோ வாய்க்காலிலோ கொட்ட வேண்டாம், நாற்றம் தாங்காது. உப்புத் தண்ணீரை இறுத்துவிட்டு, செடிகொடிக்கு எட்டாத ஓரமாக இடுப்பளவு குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி மூடிவிடுங்கள். நர்சரியிலிருந்து கன்று வாங்கி வந்தால், நடுவதற்கு முன் பையிலுள்ள மண்ணை ஒரு தட்டில் உதிர்த்துப் பாருங்கள். வெள்ளை உருண்டை தென்பட்டால் அது உரமா, முட்டையா என்று விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு நடுங்கள்.